50 தாண்டினால் வயிறு வற்றவே வற்றாதா? திருமலை ஆட்கள் சொல்லுங்கள்

உவர்மலையான்

வயது 57. உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 78 கிலோ. போன கிழமை அரச வைத்தியசாலையில் இருக்கிற ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்குப் போனேன். இடுப்பை அளந்தார்கள், 101 சென்ரிமீற்றர். சீனியும் பிரஷரும் இன்னும் எல்லைக்குள்தான், ஆனால் கரையில் நிற்கிறது. "ஐயா, அடுத்த முறை வரும்போது ஒரு நாலைந்து கிலோ குறைத்துக்கொண்டு வாங்கோ" என்று அங்கிருந்த பிள்ளை சிரித்துக்கொண்டே கொப்பியில் எழுதித் தந்துவிட்டது.

நான் நடக்காத ஆள் இல்லை. விடியப்புறம் டச்பே கடற்கரையில் தொடங்கி, கோட்டை வாசல் தாண்டி, கோணேசர் கோயில் ஏற்றம் வரைக்கும் போய் வருகிற கூட்டத்தில் நானும் ஒருவன். இரவில் சோறு இல்லை, ரொட்டி மட்டும். 45 வயதில் இதே சாப்பாட்டோடு 70 கிலோவில்தான் இருந்தேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொல்கிறார், "40 தாண்டினால் மெட்டபாலிசம், அதுதான் உடம்பு சக்தியை எரிக்கிற வேகம், படுத்துவிடும், இனி முட்டி மோதிப் பிரயோசனம் இல்லை" என்று. இது உண்மையா, இல்லை நடக்கப் பஞ்சிப்படுகிறவர்கள் கட்டிய கதையா?

பாலையூற்று பவா

அண்ணை, கதை இல்லை, உண்மைதான். எனக்கும் அப்படித்தான், தண்ணீர் குடித்தாலே ஊதுகிறது. 50க்கு மேல் ஆம்பிளைக்கு ஒரு வண்டி வயிறு இருந்தால்தான் மரியாதை. விடுங்கோ.

கிளினிக் அக்கா

பவா தம்பி, தண்ணீரில் கலோரி கிடையாது. தண்ணீரோடு என்ன போகிறது என்பதைப் பேந்து பார்ப்போம்.

மெட்டபாலிசம் கதைக்கு வருகிறேன். நான் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள், கிளினிக்கில் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 2021இல் சயன்ஸ் சஞ்சிகையில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 29 நாடுகளில் 6,400க்கு மேற்பட்டவர்கள், பிறந்து எட்டு நாள் ஆன குழந்தை தொடங்கி 95 வயதுக் கிழவர் வரை. உடல் எவ்வளவு சக்தியை எரிக்கிறது என்று அளந்தார்கள். உடம்பின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரைக்கும் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 60க்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது, அதுவும் வருஷத்துக்கு 0.7 சதவீதம் அளவில். ஆகவே 57 வயது ஐயா மெட்டபாலிசத்தின் மேல் பழி போட ஏலாது.

அப்படியென்றால் என்ன மாறியது? தசை. 30 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது என்பது பொதுவான கணக்கு. அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்தால் தராசில் ஒன்றும் தெரியாது, இடுப்பில்தான் தெரியும். அதனால்தான் அந்தப் பிள்ளை உங்கள் இடுப்பை அளந்தது. எங்களைப் போன்ற தெற்காசிய ஆட்களுக்கு ஆண் என்றால் 90, பெண் என்றால் 80 சென்ரிமீற்றர், அதற்கு மேல் போனால் கவனம். பிஎம்ஐ என்கிற, உயரத்துக்கு ஏற்ற நிறைக் கணக்கிலும் எங்களுக்கு எல்லை கீழேதான். ஆசியர்களுக்கு 23இலேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5இல் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொல்லியிருக்கிறது. உங்கள் கணக்கு 27.6 வருகிறது.

இப்போது ஒரு கேள்வி. மூன்று வேளைச் சாப்பாட்டை விடுங்கள். காலை 10 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும் வாய்க்குள் என்ன போகிறது? ஒளிக்காமல் எழுதுங்கள்.

உவர்மலையான்

அக்கா, ஒளிக்க என்ன இருக்கிறது. எழும்பியதும் பால் தேத்தண்ணி. நடை முடிந்ததும் கடையடியில் எல்லோரும் நின்று இன்னொன்று, அதோடு உளுந்து வடை, சில நாள் சுடச்சுட ரோல்ஸ். கந்தோரில் பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு பிஸ்கட்டோடு ஒன்று. வீட்டுக்கு வந்ததும் மனிசி ஒன்று தரும். எல்லாவற்றுக்கும் இரண்டு கரண்டி சீனி.

கிண்ணியா நானா

ஐயா, கணக்கை நான் சொல்கிறேன், நான் கடைக்காரன். ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, மொத்தம் பத்துக் கரண்டி. கரண்டி 5 கிராம் என்று வைத்தால் 50 கிராம் சீனி, 200 கலோரி. பால்மா வேறு, வடை வேறு. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அது ஐந்து தேக்கரண்டி. அந்த ஐந்துக்குள் பிஸ்கட், கேக், சோடா எல்லாம் அடங்கவேண்டும். ஒரு மணித்தியாலம் நடந்து நீங்கள் எரித்ததைக் கடையடியில் நின்றே திருப்பி வாங்கிவிடுகிறீர்கள்.

சோடாப் போத்தலில் நிற அடையாளம் இருக்கிறதல்லவா, 2016இல் கொண்டுவந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை. என் கடையில் நானே பார்க்கிறேன், சிவப்புப் போத்தலை எடுக்கிறவர்கள் அந்தப் பக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டு எடுக்கிற மாதிரித்தான் இருக்கிறது.

சீனியை ஒரே நாளில் விட்டால் திரும்பப் பிடித்துவிடும். நான் இரண்டை ஒன்றரை ஆக்கி, நாக்குப் பழகின பிறகு ஒன்று, அப்புறம் அரை என்று வந்தேன். இப்போது யார் வீட்டிலாவது இரண்டு கரண்டி போட்டுத் தந்தால் பாயாசம் மாதிரி இருக்கிறது.

பாலையூற்று பவா

நானா, சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்துக் குடித்தால்? அது மருந்துதானே. கிண்ணியாத் தயிரும் பாணியும் கூட விடச் சொல்வீங்களோ?

கிளினிக் அக்கா

பனங்கட்டியும் சீனிதான், கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. தயிரை விடாதீர்கள், அதில் புரதம் இருக்கிறது. பாணியைத்தான் யோசிக்கவேண்டும்.

சாம்பல்தீவு மீனா

ஆம்பிளைகள் தேத்தண்ணி கதைத்து முடித்துவிட்டால் எங்கள் கதைக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். எனக்கு 52. மாதவிடாய் நின்று கொஞ்சக் காலம். இடுப்பும் தொடையும் அப்படியே இருக்க, வயிறு மட்டும் முன்னுக்கு வந்துவிட்டது. இரவில் உடம்பு கொதித்து நித்திரையும் இல்லை. நான் கடைப்பக்கமே போவதில்லை. எனக்கு எங்கிருந்து ஏறுகிறது?

யோசித்துப் பார்த்தால் அடுப்படியில்தான். பிள்ளைகள் மூவரும் வீட்டில் இருந்தபோது ஐந்து சுண்டு அரிசி போடுவேன். இப்போது இரண்டு பேர் வெளியூரில். ஆனால் கை பழகிய அளவிலேயே போடுகிறது. மிஞ்சினால் கொட்ட மனம் வருமா? சட்டியில் ஒட்டின கறியோடு பிசைந்து நான்தான் சாப்பிடுகிறேன். அதை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இடியப்பம் என்றால் சொதிக்கு முதற்பால், சம்பலுக்குத் தேங்காய், பிட்டு என்றால் அதற்குள்ளும் தேங்காய். மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு முழுத் தேங்காய் போகிறது.

கிளினிக் அக்கா

மீனா தங்கச்சி, நீங்கள் எழுதியதை அச்சடித்துக் கிளினிக் சுவரில் ஒட்டலாம்.

மாதவிடாய் நின்றதால் மட்டும் நிறை ஏறுவதில்லை, அது பெரும்பாலும் வயதோடும் அசைவு குறைவதோடும் ஏறுவது. ஆனால் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைய, இடுப்பிலும் தொடையிலும் தங்கின கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. வயிற்றுக்குள் தங்குகிற கொழுப்புத்தான் சீனி வியாதிக்கும் இருதய வியாதிக்கும் கிட்ட நிற்பது. நித்திரை கெட்டால் பசியும் கூடும். களைப்பு, மலச்சிக்கல், தலைமயிர் கொட்டுதல் என்று சேர்ந்து இருந்தால் தைரொய்ட் இரத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள்.

அரிசிக்கு ஒரு வழி. சுண்டைக் கழுவி வைத்துவிட்டு, மூன்று பேருக்கு எவ்வளவு என்று ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். சமைக்காத அரிசி 100 கிராம், சிவப்போ வெள்ளையோ, 350 கலோரி அளவில் வரும். சிவப்பரிசி நல்லதுதான், நார் கூட, பசி தாங்கும். ஆனால் சிவப்பரிசி என்ற தைரியத்தில் கோபுரம் மாதிரிக் குவிக்கக்கூடாது. கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால்வாசிக்கு மீனோ முட்டையோ பருப்போ, மிச்சக் கால்வாசிதான் சோறு. எங்கள் ஆட்கள் இதைத் தலைகீழாகப் போடுகிறோம்.

ஸ்காபரோ திருமலையான்

வணக்கம் எல்லோருக்கும். இந்த அளவு, சுண்டு எல்லாம் சரிவராது. சோற்றை முழுதாக விட்டால்தான் வேலை நடக்கும். நான் விட்டேன், 14 கிலோ போனது. இங்கே கனடாவில் இப்போது நிறை குறைக்க ஊசியும் இருக்கிறது, செமாகுளூடைட். கிழமைக்கு ஒன்று, பசியே வராது. ஊரில் இன்னும் பிட்டையும் தேங்காயையும் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சாம்பல்தீவு மீனா

அண்ணா, உங்களுக்குக் காசும் இருக்கு, குளிரும் இருக்கு. எங்கள் வீட்டில் ஒரு நாள் சோறு வைக்காவிட்டால் மாமியார் வைத்தியரைக் கூப்பிடச் சொல்வா.

கிளினிக் அக்கா

தம்பி, உங்களுக்குச் சரிவந்தது நல்லது. ஆனால் எல்லோருக்கும் அதுதான் வழி என்று சொல்ல ஆதாரம் இல்லை. 2018இல் அமெரிக்காவில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மாச்சத்துக் குறைந்த சாப்பாடு, மற்றப் பகுதிக்குக் கொழுப்புக் குறைந்த சாப்பாடு என்று ஒரு வருஷம் பார்த்தார்கள். ஒரு பக்கம் 6 கிலோ, மற்றப் பக்கம் 5.3 கிலோ. கணக்கெடுக்கும்படியான வித்தியாசம் இல்லை. விடாமல் பிடிக்கக்கூடிய வழிதான் உங்கள் வழி.

ஊசி வேலை செய்யும், மறுக்கவில்லை. 2021இல் வந்த ஆய்வில் 68 கிழமையில் சராசரியாக 15 சதவீதம் அளவில் நிறை குறைந்தது. ஊசியை நிறுத்தி ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. குறைகிற நிறையில் தசையும் ஒரு பங்கு. வைத்தியர் பார்த்து யாருக்குத் தேவை என்று சொல்லவேண்டிய மருந்து அது.

பிசியோ தம்பி

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன், தசை என்ற சொல் வந்ததால் உள்ளே வருகிறேன்.

எங்கள் ஊரில் 50 தாண்டினவர்களுக்கு உடற்பயிற்சி என்றால் நடை, நடை, நடை. நடை நல்லது. ஆனால் தசையைக் காப்பாற்ற அது மட்டும் காணாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலில் இரண்டும் இருக்கிறது. கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மூச்சு வாங்குகிற அசைவு, அதோடு கிழமைக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. 65க்கு மேல் என்றால் சமநிலைப் பயிற்சியும் கிழமைக்கு மூன்று நாள். முதல் பாதியை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது பாதியைச் சொன்னால் "நாங்கள் என்ன பொடியன்களா தம்பி, பாரம் தூக்க?" என்று சிரிப்பார்கள்.

ஜிம் தேவையில்லை. சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைச் சுவரில் ஒட்டி வையுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டி, கையூன்றாமல் எழும்பி இருங்கள். 30 வினாடியில் எத்தனை தடவை என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14க்குக் குறைந்தால், பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால், கால் சராசரிக்குக் கீழே. அதுவே பரிசோதனை, அதுவே பயிற்சியும். முதலில் மெல்ல எழும்பி, அதைவிட மெல்ல இருக்கப் பழகுங்கள். இருக்கும்போது தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போய்விடும். தொடைதான் இறக்குகிற பாரத்தைப் பிடிக்கவேண்டும். பிறகு சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் தூக்கி இறக்குவது. முந்தி நிலத்தில் இருந்து திருவலையில் தேங்காய் துருவின அம்மாக்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கையூன்றாமல் எழும்பியிருப்பார்கள்!

முழங்கால் நோகிறவர்கள் ஏற்றத்தை விட்டுவிட்டுச் சமதரையில் நடவுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழுகிற பாரம் 4 கிலோ குறைகிறது. சித்திரை தொடங்கிக் கடல் அடங்கியிருக்கிற மாதங்களில் உப்புவெளியில் இடுப்பளவுத் தண்ணீரில் நடப்பது முழங்காலுக்குச் சொர்க்கம். கச்சான் காற்று வீசுகிற நாளில் பத்து மணி வெயிலில் மட்டும் வீரம் காட்டவேண்டாம்.

பாலையூற்று பவா

கதிரையில் செய்து பார்த்தேன். 14 பக்கமே போகவில்லை. மகள் பக்கத்தில் நின்று எண்ணிச் சிரித்தது. சரி, இனி நானும் இந்த இழையை ஒழுங்காக வாசிக்கிறேன். புரதம் என்று சொல்கிறீர்களே, அது எவ்வளவு வேண்டும்?

கிளினிக் அக்கா

வயது போனவர்களுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 70 கிலோ ஆளுக்கு 70 முதல் 84 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில் இருக்கும், முட்டையில் 6. திருமலையில் இருந்துகொண்டு புரதம் இல்லை என்று சொல்வது கடலுக்கே அவமானம். பெரிய பாரை வாங்கத் தேவையில்லை, சாளையும் கீரியும் போதும். ஆனால் பொரிக்காதீர்கள். புளி விட்டு அவித்த கறி, இல்லாவிட்டால் தண்ணிச்சொதி. கருவாட்டில் உப்பு, பிரஷர்காரர் கவனம்.

காலையில் வெறும் பாணும் சம்பலும் என்றால் அங்கே புரதம் காணாது. ஒரு முட்டையோ, அவித்த கடலையோ, பயறோ சேருங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். சிறுநீரகம் பாதித்தவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக்கூடாது. எங்கள் மாவட்டத்திலேயே பதவிசிறிபுர பக்கம் சிறுநீரக நோய் பெரிய பிரச்சினை. கிளினிக்கில் கிரியற்றினின் என்ற சிறுநீரக இரத்தப் பரிசோதனை பார்த்திருப்பார்கள், அதைக் காட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அன்புவழிபுரம் மகள்

இங்கே எல்லோரும் குறையவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். என் அம்மாவுக்கு 71, இந்த வருஷம் தானாகவே 62இலிருந்து 55க்கு வந்துவிட்டா. பழைய சட்டை எல்லாம் தொளதொளக்கிறது. வருகிற சனம் எல்லாம் "அம்மா நல்லா மெலிஞ்சு வடிவா இருக்கிறா" என்கிறது. அம்மாவுக்கும் சந்தோஷம். ஒன்றும் செய்யாமலே குறைவது நல்லதுதானே?

கிளினிக் அக்கா

பிள்ளை, நல்லதில்லை. 6 மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள், முயற்சி செய்யாமல் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் பார்க்கவேண்டும். அம்மாவுக்கு 11 சதவீதம் போயிருக்கிறது. சீனி, தைரொய்ட், காசம், புற்றுநோய், மனச்சோர்வு, மாத்திரைகள் என்று பல காரணம் இருக்கலாம். பயப்படுத்தச் சொல்லவில்லை, இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். 70க்கு மேல் மெலிவு என்றால் முதலில் போவது தசை. விழுந்தால் இடுப்பெலும்பு. அந்த வயதில் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பது குற்றம் இல்லை.

கிண்ணியா நானா

அக்கா, நோன்பு காலம் வருகிறது. நிறை குறைக்க நோன்பு நல்லது என்று சிலர் சீனி மாத்திரையோடேயே பிடிக்கிறார்கள். இங்கே கந்தசஷ்டி பிடிக்கிறவர்களும் அப்படித்தான். ஒரு வரி எழுதுங்கள்.

கிளினிக் அக்கா

மெற்ஃபோமின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிக்கிளசைட், தொல்பியூற்றமைட், இன்சுலின் எடுக்கிறவர்கள் பட்டினி இருந்தால் சீனி சடாரென்று விழும். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் விரதத்தை முறித்துச் சீனித்தண்ணி குடிக்கவேண்டும், சாமியும் அல்லாஹ்வும் கோபிக்கமாட்டார்கள். நோன்புக்கு முதலே கிளினிக்கில் சொல்லி மாத்திரை அளவை மாற்றி வாங்குங்கள். மற்றபடி, பகலில் பட்டினி கிடந்து இரவில் பொரித்ததை அடுக்கினால் நிறை ஏறத்தான் செய்யும்.

அன்புவழிபுரம் மகள்

அம்மாவைக் காட்டினோம். இரத்தப் பரிசோதனை, நெஞ்சுப் படம் எல்லாம் சரி. கடைசியில் ஒரு டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கட்டுப்பல் கழன்று முரசில் புண். ஒருவருக்கும் சொல்லாமல் மீனையும் கீரையையும் ஒதுக்கிவிட்டு, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்து உயிர் வாழ்ந்திருக்கிறா. இப்போது புதுப் பல்லுக்கு அளவு எடுத்திருக்கிறது. அதுவரைக்கும் மீனை முள் எடுத்து மசித்து, பயற்றங்கஞ்சி, முட்டை, தயிர். அக்காவுக்கு நன்றி.

உவர்மலையான்

மாரி முடிந்து வந்திருக்கிறேன். மழைக்காலம் நடை சரிவரவில்லை, ஆனால் கதிரைப் பயிற்சியை விறாந்தையில் விடாமல் செய்தேன். தேத்தண்ணி மூன்று, சீனி அரைக் கரண்டி. கடையடியில் நிற்கிறேன், வடை எடுப்பதில்லை. கூட்டத்துக்குக் கோபம். இடுப்பு 96. நிறை 76. தராசைப் பார்த்தால் மனம் விட்டுப்போகிறது, இவ்வளவு பாடுபட்டு இரண்டே கிலோவா?

கிளினிக் அக்கா

ஐயா, இடுப்பில் 5 சென்ரிமீற்றர் போயிருக்கிறது. அந்தப் பிள்ளை கொப்பியில் முதலில் அதைத்தான் எழுதும். தராசைக் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கள், போதும்.

2002இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், நிறையில் 7 சதவீதம் குறைத்து, கிழமைக்கு 150 நிமிடம் அசையவேண்டும் என்பதுதான் இலக்கு. சீனி வியாதி வருவது 58 சதவீதம் குறைந்தது. 60 தாண்டினவர்களுக்கு 71 சதவீதம், இளையவர்களை விடக் கூட. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரைக் கிலோ. இரண்டு போய்விட்டது, மிச்சத்துக்கு அவசரம் இல்லை.

பாலையூற்று பவா

அண்ணை குறைத்துவிட்டார், நான் மட்டும் பாக்கி. முகநூலில் ஒரு மெலிவுக் கோப்பி விளம்பரம் ஓடுகிறது, ஒரு மாதத்தில் 10 கிலோவாம், முழுக்க மூலிகையாம். ஓடர் பண்ணட்டா?

கிளினிக் அக்கா

பண்ணவேண்டாம். இப்படி மூலிகை என்று விற்ற கோப்பியிலும் தேயிலையிலும் சிபுற்றமின் என்ற மருந்தைக் களவாகக் கலந்திருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். மாரடைப்பு, பாரிசவாத ஆபத்து என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. ஏற்கெனவே பிரஷருக்குக் குளிசை போடுகிற ஆள் நீங்கள்.

பாலையூற்று பவா

சரி அக்கா, விட்டேன். அந்த ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்குப் போக என்ன கொண்டுபோகவேண்டும்? காசு எடுப்பார்களா?

கிளினிக் அக்கா

காசு இல்லை, 35 தாண்டின யாரும் போகலாம். உங்களுக்குக் கிட்டிய அரச வைத்தியசாலையில் எந்த நாள் என்று முதலே கேளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல், தேத்தண்ணியும் குடிக்காமல் வெள்ளனப் போகவேண்டும், தண்ணீர் குடிக்கலாம். பழைய கிளினிக் கொப்பியும், இப்போது போடுகிற குளிசைகளின் பெட்டிகளும் எடுத்துக்கொண்டு போங்கள். மனிசியையும் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி, அவவுக்கும் 50 ஆகிவிட்டது என்று போன இழையில் நீங்கள்தான் எழுதினீர்கள்.